சோறில்லாத பத்து மாதம்

சோற்றை விட்டால் இரத்தத்தில் சீனி குறையுமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்கள், மீன் வாங்கப் போகும் இடத்தில் கேட்கிறார்கள். குறையும் என்றுதான் சொல்கிறேன். அதில் பொய் இல்லை. என் மனைவிக்குக் குறைந்தது. என் கண்ணால் பார்த்தேன், என் கையால் எழுதி வைத்தேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மிச்சத்தை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். எதையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டேன் என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. நான் சொல்வது பிழை என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் ஓய்ந்து போகும்வரை வாதாடுவேன். என் மனைவி ஓய்ந்து போய் வெகுகாலம்.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்து பன்னிரண்டு வருடம். கல்முனையில் வீட்டுக்கு ஒருவருக்காவது அது இருக்கிறது, யாரும் பெரிதாக எடுப்பதில்லை. காலையில் குளிசை, மாலையில் குளிசை, இடையில் மூன்று வேளையும் சோறும் புட்டும் இடியப்பமும். அவளுக்கு மூத்தவள், ராத்தாவுக்குக் காலில் வந்த சின்னப் புண், காலையே முழங்காலுக்குக் கீழே எடுப்பதில் போய் முடிந்தது. பிறகொரு நாள் அதே மாதிரி ஒரு புண் என் மனைவியின் பெருவிரலில் வந்தது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை.

"என்ட காலையும் எடுத்திருவாங்களா?" என்று கேட்டாள்.

"நான் இரிக்கக்குள்ள ஒண்டும் எடுக்க உடமாட்டன்" என்றேன்.

அந்த வாய்ப்பேச்சோடு நின்றிருக்கலாம். நான் போனைத் திறந்தேன். மாவும் சீனியும் சோறும் இல்லாமல், முட்டையும் இறைச்சியும் தேங்காயும் கீரையுமாகச் சாப்பிட்டுச் சீனியைக் கட்டுப்படுத்தியவர்களின் குழு ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள். ஒரு கிழமை இருந்து வாசித்தேன். குளிசை போடுகிறவர்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கவும், அளவைக் குறைக்க வேண்டி வரும் என்று ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் இருந்தது. அதையும் வாசித்தேன். கேள்வியில் உள்ள நிபந்தனையை விட்டுவிட்டு விடைக்குப் பாய்கிற பிள்ளைகளை எத்தனை தடவை ஏசியிருப்பேன். என் முறை வந்தபோது நானும் பாய்ந்தேன்.

வயல்காரன் வீட்டில் சோறு நின்றது. சாகாமப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது, வீட்டின் பின்னறையில் நெல் மூட்டை எந்நாளும் இருக்கும். அதைத் தாண்டிப் போய், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசைச் சோறு மாதிரிச் சீவி அவித்துச் சாப்பிட்டோம். துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன். காலையில் முட்டை, பகலில் மீன் ஆணமும் முருங்கைக் கீரையும், இரவில் இறைச்சி. முதல் கிழமை அவளுக்குத் தலையிடி, எனக்கு மலச்சிக்கல். இரண்டாவது கிழமையில் இருவருக்கும் வாய் நாறியது. "கெட்டது" என்று தலைப்பிட்டு அதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் "நல்லது" பக்கம்தான் வேகமாக நிரம்பியது. மூன்றாம் மாதம் புண் ஆறியது. முழங்கால் நோவு குறைந்து, அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினாள். சாப்பாட்டுக்குப் பிறகு முன்னூறு காட்டிய, சீனி பார்க்கும் மெசின் நூற்றிருபது காட்டியது. ஆறிய விரலை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குனிந்து பார்ப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு.

தாளில் எழுத முடியாத கெட்டதுகளும் இருந்தன. எங்கள் பக்கம் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நான் சோற்றைத் தொடாமல் நடுவில் இருந்த இறைச்சியை மட்டும் எடுத்தேன். மற்ற ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நியாயம்தான், எல்லாருக்கும் வைத்த இறைச்சி அது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி அவித்த முட்டையும் கோவாவும் கொண்டுபோய் ஒரு மூலையில் தனியாக இருந்திருக்கிறாள். சஹனில் உட்காராதவர் கலியாண வீட்டாரோடு கோபம் என்றுதான் ஊரில் அர்த்தம். மாப்பிள்ளையின் உம்மா வந்து, "என்னகா, எங்கள்ள ஏதும் குறையா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவள் எந்தக் கலியாணத்துக்கும் வரவில்லை. வருத்தக்காரி என்று சொல்லி நான் மட்டும் போய் வந்தேன்.

பெரும்போக அறுவடை முடிந்து புது நெல் வந்தது. குற்றிக் கொண்டுவந்த அரிசியில், மூட்டை இறக்கியவர்களுக்கு அவள் சோறாக்கினாள். அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு பானையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்க, ஒரு புடி திண்டா என்ன?"

"ஒரு புடி ரெண்டு புடியாகும். ஒம்பது மாசம் பட்ட பாடு எல்லாம் வீணாப் போகும்" என்றேன். அதோடு விடாமல் ஒரு பிடி சோற்றில் எவ்வளவு சீனி என்று பாடமும் நடத்தினேன். அவள் பானையை மூடினாள். அந்த ஒரு பிடியை நான் கொடுத்திருக்க வேண்டும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், கேட்டாளே, அதற்காகக் கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் கிளினிக் டாக்டரிடம் நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. ஏசுவார் என்ற பயம் அவளுக்கு. எனக்கு வேறு எண்ணம். ஒரு வருடம் முடிந்ததும் எல்லா அளவுகளையும் வரைபடமாகப் போட்டு, அவர் மேசையில் வைத்து, அவரை மலைக்க வைக்க வேண்டும் என்று இருந்தேன். நோன்புக்கு முந்திய கிளினிக் நாளில் டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அம்மா, இதே குளிசையத் தொடர்ந்து போடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அவர் அறிந்த அளவில் அவர் சொன்னது சரி. நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். உணவும் குளிசையும் சேர்ந்தால் சோடி மாடு பூட்டிய மாதிரி, வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். குறைப்பதற்குச் சீனியே இல்லாத உடம்பில் குளிசை எதைக் குறைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரமழான் நோன்பு வந்தது. முந்திய இரண்டு வருடமும் சீனி கூடியதால் அவள் நோன்பு பிடிக்கவில்லை. விட்ட நோன்புக்கு ஏழைகளுக்கு அரிசி கொடுத்தோம். மார்க்கம் நோயாளிக்கு விட்டுக்கொடுத்திருப்பதைத்தான் செய்தோம், ஆனாலும் ஒவ்வொரு நாளும் பகலில் தண்ணீர் குடிக்கும்போது அவள் முகத்தை மறைத்துக்கொண்டு குடிப்பாள்.

"இந்த வருசம் நான் நோன்பு புடிக்கட்டா?"

"ஒன்ட ரிப்போட்டப் பார்த்தா வருத்தமே இல்லாத ஆள் மாதிரி இரிக்கி. புடி புள்ள" என்றேன்.

அவள் அழுதாள். "நல்லது" பக்கத்தில் கடைசியாக நான் எழுதியது, நோன்பு பிடிக்க முடிகிறது என்பதுதான். காலைக் குளிசையை நானே விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மாற்றினேன். சஹருக்கு முட்டையும் இறைச்சியும். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்து வருகிற நோன்புக் கஞ்சியை, அரிசி போட்டது என்பதால், அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்.

பதினெட்டாம் நோன்பு. நோன்பு துறக்கச் சொல்லும் பாங்குக்கு நாற்பது நிமிடம் இருக்கையில் அவள் அடுப்படியில் இருந்து வந்து கதிரையில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது.

"எனக்கு ஒரு மாதிரியா இரிக்கி."

மெசினை எடுக்கப் போனேன். "குத்தி ரெத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிருமோ?" என்று கேட்டாள். முறியாது என்று ஒரு மௌலவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் சந்தேகம் வந்தது. பதினேழு நோன்பு பிடித்துவிட்டாள், இதைக் கெடுத்தவன் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். மேசையில் பேரீச்சம்பழம் எடுத்து வைத்திருந்தது, தண்ணீர் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"இன்னம் கொஞ்ச நேரம்தானே. போய்ப் படு. பாங்கு சொன்ன ஒடனே எழுப்புறன்."

"ஓம்" என்று எழும்பிப் போனாள். சொல் குழறியது போல இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

பாங்கு சொன்னது. நான் துஆ ஓதி, பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்தேன். நோன்பைப் பிந்தாமல் துறக்க வேண்டும் என்று பழகிய கை. அதன் பிறகுதான் அவளுடைய தண்ணீரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். தட்டினேன், உலுக்கினேன், சத்தமாகக் கூப்பிட்டேன். மூச்சு மட்டும் இருந்தது. உடுப்பு நனைந்து போய்க் கிடந்தது.

அடுத்த வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த தாதி, பிழையோ என்று இன்னொரு தடவை குத்தினார். நூறளவில் இருக்க வேண்டிய சீனி இருபத்திரண்டு. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வந்த டாக்டர் ஓர் இளம் பிள்ளை. என்ன குளிசை, என்ன சாப்பாடு என்று கேட்டார். பத்து மாதத்தையும் சொன்னேன்.

"சோற்றை விட்டது பிழையில்லை ஐயா. நோன்பும் பிடிக்கலாம், சிலருக்கு ஏலும். ஆனா குளிசையக் குறைச்சிருக்கணும். ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

வரைபடம் போட இருந்தேன் என்று சொல்ல முடியுமா?

ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தாள். முழுதாகத் திரும்பி வரவில்லை. மூளைக்கு அவ்வளவு நேரம் சீனி போகாமல் இருந்ததால் வந்த சேதம், இனிப் பெரிதாகத் திருந்தாது என்றார்கள். நடக்கிறாள், கை பிடிக்க வேண்டும். என்னைத் தெரிகிறது, என்ன உறவு என்று சில நாட்களில் தெரிவதில்லை. கால் இருக்கிறது. விரலில் தழும்பு கூட இல்லை. அவளுக்குச் சோறு நான்தான் ஊட்டுகிறேன், டாக்டர் சொன்ன அளவில்.

நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களுக்கு நேராகச் சொல்வதானால், அந்த உணவு எங்களை ஒன்றும் செய்யவில்லை. நான் செய்தேன். நல்லதுக்கு நல்லது என்று கூட்டிக்கொண்டே போனேன். கழிக்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கழிக்கவில்லை.

காலை எட்டு மணிக்குச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பகலிலும் அப்படித்தான். என் முகத்தைப் பார்த்து, "பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்கிறாள். இல்லை என்றால் சாப்பிட மாட்டாள், பசியில் கண்ணீர் வந்தாலும் மாட்டாள்.

"ஓம் புள்ள, சொல்லியாச்சி. தின்" என்கிறேன்.

நம்பி வாயைத் திறக்கிறாள்.