கட்டில் சட்டத்தில் ஒரு செஸ் பலகை

கோபால் பத்தொன்பது வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. செங்கல்பட்டில் ஒரு வீட்டுக்கு முட்டுப் பிரிக்கும்போது முதல் மாடியிலிருந்து விழுந்தார். இடது காலில் பிளேட் வைத்தார்கள். சட்டைப் பையில் இருந்த போனுக்கு ஒன்றும் வைக்க முடியவில்லை.

ஆறு மாதம் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, திருப்புலிவனத்து வீட்டில் உட்கார்ந்தார். மனைவி பாக்கியமேரிக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்தால் அவளும் போய்விடுவாள், வீட்டில் மிச்சமிருந்த ஒரே போனும் போய்விடும். சைட்டில் சாப்பாட்டு நேரத்தில் கோபால் போனில் செஸ் ஆடுவது வழக்கம். கம்ப்யூட்டர்தான் ஜெயிக்கும். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. இப்போது தோற்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

மூன்றாவது மாதம், பலகையை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. வெளிர் மரம் இருந்தது. கேன்டீனுக்குப் பழம் வந்த பெட்டிகளை பாக்கியமேரி அடுப்பெரிக்கக் கொண்டுவந்து போட்டிருந்தாள். கறுப்புக்குத்தான் மரம் இல்லை. விந்தி விந்தி வீட்டைச் சுற்றியதில் பூவரசங்கட்டில் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. ஒரு கால் உளுத்துப்போய் நான்கு வருடமாகச் சுவரில் சாய்ந்து நின்றது. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றுதான் நினைத்தார். அவள் வர சாயங்காலம் ஆகும். அறுத்துவிட்டார். சட்டம் உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

பாக்கியமேரி வந்து பார்த்தாள். சோறு போட்டாள். அந்த வாரம் முழுக்க, சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

அவர் வேலையை நிறுத்தவில்லை. வெளிரில் நான்கு பட்டை, கறுப்பில் நான்கு, மாற்றி மாற்றி வைத்துப் பசை போட்டு ஒட்டினார். காய்ந்ததும் குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி மறுபடி ஒட்டினால் கட்டம் வந்துவிடும். இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாததால் இரண்டு பக்கமும் செங்கல் அணைத்து, மேலே தண்ணீர்க் குடத்தை ஏற்றினார். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சென்ட்ரிங்கில் அரை இஞ்ச் போனால் யாரும் கேட்பதில்லை. எட்டாவது வரிசை ஒல்லியாக வந்தது.

சனிக்கிழமை பாக்கியமேரி உத்திரமேரூர் கடையில் செஸ் காய் வாங்கி வந்தாள். பெட்டிக்குள் காயோடு மடிக்கிற அட்டைப் பலகை ஒன்றும் இருந்தது. எல்லா வரிசையும் ஒரே அளவு.

"காய மட்டும் தனியா தர மாட்டானாம்" என்றாள். வாரத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மரப்பலகையின் எதிரில் உட்கார்ந்தாள். ஆட்டம் தெரியாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள்.

"கறுப்புக் கட்டம்லாம் எங்க நைனா கட்டிலு. அதுல காய் வைக்கணும்னா என்னக் கேட்டுட்டு வை."

கோபால் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. கேட்டுக் கேட்டு வைத்தார். எதற்கு அங்கே என்று அவள் திருப்பிக் கேட்பாள். காரணம் சொன்னால்தான் அனுமதி. இப்படி ஞாயிறு ஞாயிறாகக் காரணம் கேட்டதில் ஆட்டம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆட ஆரம்பித்த இரண்டாவது மாதம் அவரை ஜெயித்தாள். அன்று முனியம்மாளிடம் அவள் சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

ஆறு மாதம் முடிந்தது. மேஸ்திரி வீராசாமி போன் செய்து திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்னால், யாரும் இல்லாதபோது, கோபால் முனியம்மாள் வீட்டு ஏணியில் ஏறிப் பார்த்திருந்தார். இரண்டாவது படியிலிருந்தே இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் அவள் குதிரை வெட்டுகிற கட்டத்தில் நிறுத்தினார்.

"இன்னா, ராணிய சும்மா குடுத்துக்கினு கீற?"

"மேல ஏற பயமா கீது."

பாக்கியமேரி ராணியை எடுக்கவில்லை.

"யாரு உன்ன ஏறச் சொன்னா? கீழ நின்னு பலக அறுத்துக் குடுக்கறதும் வேலதான?"

கூலி குறையும் என்றார் அவர். குறையட்டும் என்று போனை நீட்டினாள். ஏன் ஏற முடியாது என்று வீராசாமி கேட்கவில்லை. கீழே அறுக்கிற ஆள் போன வாரம்தான் நின்றுவிட்டான், வந்து சேரு என்றார். அதன் பிறகு பாக்கியமேரி ராணியை எடுத்துக்கொண்டாள்.

இப்போது கோபால் ஏழு மணி பஸ்ஸில் போகிறார். தரையில் நின்று அளந்து அறுத்து, பலகையை மேலே நீட்டுகிறார். மேலே இருக்கிறவர் பிடித்த பிறகும் கையை எடுப்பதில்லை. பிடிச்சிக்கினியா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் விடுகிறார்.