எரிக்கச் சொன்ன கடிதம்

ரொறன்ரோ, ஜனவரி 1996. அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் இருக்கிறேன். விமானத்துக்கு நேரமாகிறது, ஆனால் எழுந்துபோக மனமில்லை. பக்கத்து மேசையில், என்னை ஏற்றிவந்த சிவம் அண்ணையைப் போலவே டாக்சி ஓட்டும் இருவர், ஒரு பழுப்பேறிய கடிதத்தை வாசிக்கிறார்கள். அரபு எழுத்தில் எழுதிய துருக்கி மொழிக் கடிதம். துருக்கிக்காரருக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. உருது படித்த பாகிஸ்தான்காரருக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. இவர் தட்டுத்தடுமாறி ஒலிக்க, அவர் திருத்தித் திருத்திப் பொருள் பிடிக்கிறார்.

“உந்தத் துருக்கிக்காரரின்ர அப்பப்பா தன்ர தம்பிக்கு எழுதினது,” என்கிறார் சிவம் அண்ணை. “சுல்தான்மார் போய், குடியரசு வந்து, அரபு எழுத்தை விட்டு இங்கிலிஷ் எழுத்துக்கு மாத்தினாப் பிறகு.”

“அவருக்குப் புது எழுத்து வராதா?”

“வடிவா வரும். ஊருக்கே அதைப் படிப்பிச்ச வாத்தியார் அவர்தான்.”

கடைசி வரியைத் துருக்கிக்காரர் இரண்டு தடவை வாசிக்கச் சொல்கிறார். பிறகு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார்: ‘வாசித்ததும் எரித்துவிடு. நான் இன்னும் இந்த எழுத்தில்தான் எழுதுகிறேன் என்று என் மாணவர்களுக்குத் தெரியக் கூடாது.’

சிவம் அண்ணை கார்ச் சாவியை எடுக்கிறார்.

“நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறார்,” என்கிறார் என்னிடம். “பேரனுக்கே வாசிக்கத் தெரியேல்லை.”