எலியிடம் தோற்ற இரும்பு வீரன்

பார்சல் கிடங்கில் சுமை தூக்குபவர், செல்போன் கேமில் தான் உருவாக்கிய வீரனுக்குச் சேர்ந்த புள்ளிகளையெல்லாம் பலத்திலேயே கொட்டினார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கையில் ஆளுயரச் சம்மட்டி. தம் பிடிக்க மட்டும் ஒரு புள்ளிகூட ஒதுக்கவில்லை. அதனால் இரண்டு முறை ஓங்கியதுமே அவன் முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்குவான். அதற்குள் ஒரு எலி கடித்தே கொன்றுவிடும். ஒன்பதாவது தடவையும் எலி ஜெயித்தபோது அவர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"த்தூ, தடிமாடு. இவனெல்லாம் ஒரு வீரன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "அவனை ஏன் திட்டுறீங்க? நேத்து பீரோவை ரெண்டு மாடி ஏத்திட்டு நீங்களும் இப்படித்தானே நின்னீங்க."

"அதான் பார்க்கவே சகிக்கல" என்று சொல்லி, அவர் அந்த வீரனைக் கேமிலிருந்தே அழித்தார்.