பூட்டிக் கிடந்த புத்தர் கோயில்

சென்ற ஆண்டு சித்திரை மாதம், மணமேல்குடியைத் தாண்டி ஒரு கடலோரக் கிராமத்தில் நடந்தது இது.

என் மருமகள் இலங்கைக்காரி, சிங்களப் பெண். துபாயில் என் மகனோடு வேலை பார்த்தவள். பிரசவத்துக்காக வல்லத்திராக்கோட்டையில் எங்களோடு இருந்தாள். அன்று அவளுடைய அம்மாவுக்கு முதலாண்டு நினைவு நாள். எட்டு மாதக் கர்ப்பிணியை விமானத்தில் அனுப்ப முடியாது. அதனால் இங்கேயே ஒரு புத்தர் கோயிலில் பால்சோறு படைக்க வேண்டும் என்றாள். அதுவும் அவர்கள் முறைப்படி உச்சிப்பொழுதுக்கு முன்பே. விசாரித்ததில், இந்த ஊர்த் தெரு ஒன்றில் சிறிய கோயில் இருப்பதாகச் சொன்னார்கள்.

கிளம்பியதிலிருந்தே எரிச்சல்தான். டிரைவர் வழி தப்பி உப்பளத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். என் கணவருக்கு நடுவில் டீ குடித்தே ஆக வேண்டும். டீக்கடையில் பழைய நண்பர் ஒருவர் வேறு அகப்பட்டுக்கொண்டார். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், தகரக் கூரை, கம்பிக் கதவு, உள்ளே ஒரு கல் புத்தர். கதவில் பூட்டு. சாவிக்காரர் மீன் ஏலத்துக்குப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. கணவர், டிரைவர், தெருவில் போனவர் என்று யாரையும் விடாமல் பொரிந்து தள்ளினேன். உச்சிப்பொழுதும் தாண்டிவிட்டது.

திரும்பினால் மருமகளைக் காணோம். எதிர்வீட்டு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பெண் அவள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க அம்மா எப்புடி இருப்பாங்க தாயி? ஒன்னைய மாதிரியா?"

மருமகள் தெரிந்த தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா குள்ளமாம். பஸ் ஏறினால் தூங்கிவிடுவாராம். இறங்குகிற இடத்தை விட்டுவிட்டு, வெயிலில் நடந்தே திரும்பி வருவாராம். சிரித்துக்கொண்டே சொன்னவள் பாதியில் உடைந்து அழுதாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுதுரு தாயி. அடக்கி வைக்காத."

எங்கள் வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. தைரியசாலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாவிக்காரர் ஒருவழியாக வந்து கதவைத் திறந்தார். நேரம் போய்விட்டதே என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்சோற்றுப் பாத்திரத்தை எடுத்தாள்.

"பரவால்ல அத்தை. அம்மாவும் எங்கயும் லேட்டாத்தான் வருவாங்க."

இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில், எப்படி இறந்தார் என்று நான் கேட்பதில்லை. எப்படி இருந்தார் என்றுதான் கேட்கிறேன்.