புள்ளி இல்லாத இலை

சீனித்தாய் வீட்டில் யாருக்கும் உடைந்த முறுக்கு கிடைக்காது. உடைந்ததை அடுப்படியிலேயே தின்றுவிட்டு, முழுசாக இருப்பதைத்தான் தட்டில் வைப்பாள். இப்படி ஒருத்தி மருந்துச்செடி விவசாயத்துக்கு வந்திருக்கவே கூடாது என்பது என் கட்சி.

தருவைகுளம் போகும் வழியில் சுடலைக்கண்ணன் அண்ணாச்சிக்கு ஒரு புஞ்சை உண்டு. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷமாக நித்தியகல்யாணி போட்டுவந்தாள். காய்ந்த இலை துறைமுகம் வழியாக வெளிநாடு போய்ப் புற்றுநோய் மருந்தாகும். சுற்றிலும் உப்பளங்கள். அண்ணாச்சிக்கும் உப்பளம் போடும் ஆசை வந்துவிட்டது.

"ஏளா சீனி, இந்தத் தடவ கம்பெனிக்காரன் ஒன் இலைய எடுத்தாம்னா புஞ்சை ஒனக்கே குத்தகைக்கு. வேண்டாம்னுட்டாம்னா உப்புக்குப் பாத்தி வெட்டிருவேன்" என்றார்.

உப்புப் பாத்தியான மண்ணில் அப்புறம் செடி ஏது?

பார்த்துப் பார்த்து அந்த வருஷம்தான் கிழக்கோரத்தில் வழக்கத்தைவிட அதிகச் செடிகள் வளராமல் குட்டையாக நின்றன. இலை சுருங்கி, மஞ்சள் புள்ளி விழுந்தது. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தாள். வைரஸுக்குப் பூசணிக்காய் மேல் மரியாதை இல்லை. வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "இது வைரஸ்மா. அசுவினிப் பூச்சி பரப்புது. பிடுங்கி எரிச்சிருங்க."

வருஷா வருஷம் இப்படிச் சில செடிகள் இருந்தவைதான். அப்போதெல்லாம் எல்லா இலையும் கலந்தே சாக்குக்குள் போகும். இந்த முறை புஞ்சையே போகப்போகிறது என்ற பயத்தில், அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினாள். ஒரு புள்ளி தெரிந்தாலும் செடியோடு பிடுங்கிக் குவித்தாள்.

மாதிரி இலை வாங்கக் கம்பெனியிலிருந்து கிளைட்டன் வந்தான். அவனுக்கு டீயும், அகலமான கரும்பச்சை இலையாகப் பார்த்து ஒரு பையும் கொடுத்தாள். ஓரத்தில் கிடந்த குவியலைக் காட்டி, "அது என்னக்கா?" என்று கேட்டான்.

"சீக்குச் செடி தம்பி. அதப் பாக்காதீங்க" என்றாள், கூச்சத்தோடு. அவன் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனான். அவன் வண்டி ரோடு ஏறுமுன் அவள் குவியலுக்குத் தீ வைத்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"யக்கா, ஒங்க இலையில மருந்து பத்தலயாம். எடுக்க மாட்டாங்களாம்."

"நல்ல இலையாத்தான தந்தேன்?"

"இலை நல்லாத்தான் இருக்கு. நான் அள்ளிட்டுப் போன சீக்கு இலையிலதான் மருந்து ரெண்டு மடங்கு. இந்தச் சீக்கு வந்ததும் செடி வளர்றத விட்டுட்டு மருந்தக் கூட்டிக்கிடுது போல. போன வருசமெல்லாம் ரெண்டும் கலந்து வந்ததுனாலதான் பாஸாயிருக்கு. அது மிச்சம் இருக்கா?"

"எரிச்சாச்சே தம்பி."

யாரைக் கோபிப்பது? அலுவலர் சொன்னதும் சரி, கம்பெனி கேட்டதும் சரி. அவள் செய்ததும் சுத்தமான வேலை. எனக்கு அந்தச் சுத்தத்தின் மேல்தான் ஆத்திரம்.

அன்று சாயங்காலம் வரை வரப்பு வரப்பாகக் குனிந்து நடந்து, நோய் பிடித்த செடி ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பாத்தி வெட்ட ஜேசிபி வந்த அன்று புஞ்சை முழுக்கப் பூத்துக் கிடந்தது. வண்டி ஓட்டி வந்தவனுக்கே மனசு வரவில்லை. இறங்கி வந்து சீனித்தாயிடம் கேட்டான்.

"யக்கா, செடி எவ்வளவு நல்லா நிக்கி. இத எதுக்கு அழிக்கிய?"

"நல்லா நிக்கில்லா" என்றாள் சீனித்தாய். "அதான்."