குவோய் மேஸ்திரியின் முன்பல்

கான் தோ நகரத்தில் சென்ட்ரிங் பிரிப்பதில் குவோய் மேஸ்திரியைப் போலக் கறாரான ஆள் கிடையாது. அதை அவரே நாளைக்கு நான்கு முறை சொல்லிக்கொள்வார். கான்கிரீட் தளம் போட்டு இருபத்தொரு நாள் ஆவதற்குள், அதைத் தாங்கும் முட்டுக்கம்பில் கை வைத்தவன் தொலைந்தான்.

"மேல காஞ்சிருந்தா உள்ளயும் காஞ்சிருச்சா? நாய்க்குக்கூட உங்களவிட பொறுமை இருக்கும்."

இன்று அந்த ஊரில் பல் டாக்டராக இருக்கும் தோவாவின் அப்பாவுக்கு வீடு கட்டியவரும் அவர்தான். புத்தாண்டுக்குக் குடிபோக வேண்டும் என்று மனுஷன் கெஞ்சினார். மேஸ்திரி மசியவில்லை. பத்து வயதுத் தோவா அந்தப் புத்தாண்டுக்குப் பெரியப்பா வீட்டில், பாயில் படுத்துக் கிடந்தாள்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தாறு வயதில் முன்பல் போயிற்று. பீர் மூடியைப் பல்லால் திறந்து காட்டுவது அவருடைய இருபது வருட வீரம். மூடி திறந்தது, பல்லும் உடைந்தது. அப்படியும் பீரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தோவா தாடையில் டைட்டேனியம் திருகு வைத்தாள். பொக்கை தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு தற்காலிகப் பல்லை மாட்டினாள். வீடு கட்டிய காலத்திலிருந்தே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, இது பார்வைக்கு மட்டும். இதால ஒண்ணையும் கடிக்கக் கூடாது. மூணு மாசம் கஞ்சி, மீன், வெந்த காய்."

"நல்லா இறுக்கமாத்தானே இருக்கு?"

"இன்னைக்கு இறுக்கமாத்தான் இருக்கும். துளை போட்ட எலும்பு சும்மா கவ்விப் பிடிச்சிருக்கு. அடிபட்ட அந்த எலும்ப உடம்பே கரைச்சுரும். அப்புறம்தான் புது எலும்பு வளந்து திருகோட ஒட்டும். மூணாவது, நாலாவது வாரம் இருக்கு பாருங்க, அப்பத்தான் பிடிப்பு ரொம்பக் கம்மி. வலியும் இருக்காது. அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க."

மேஸ்திரி தலையாட்டினார். எல்லாரும் ஏமாறுவார்கள், தான் எல்லாருமா என்ன என்று நினைத்துக்கொண்டார். பத்தாம் நாளே கொய்யாக்காயைக் கடித்துப் பார்த்தார். பல் அசையவில்லை. இந்தப் படித்த பிள்ளைகளுக்கு ஊரைப் பயமுறுத்துவதே பிழைப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

இருபத்துநான்காம் நாள் அவருடைய அப்பாவின் திதி. விருந்தில் ஒரே கிண்ணத்தில் அரிசிச் சாராயம் கைமாறிச் சுற்றி வந்தது. குடித்தவன் சுட்ட கணவாய்க் கருவாட்டைக் கடித்தாக வேண்டும். மேஸ்திரியின் முறை வந்தபோது மச்சினன் தியெப் தட்டை நகர்த்தி வைத்தான்.

"அத்தானுக்கு வேணாம்ப்பா. அவருக்குக் கஞ்சி கொண்டாங்க. அப்படியே கொழந்தைக்குக் கட்டுற மாதிரி கழுத்துல ஒரு துண்டும் கட்டி விடுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. இத்தனை வயசுக்கு இதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? கருவாட்டின் ஒரு முனையை முன்பல்லில் கவ்வி, மறுமுனையைக் கையால் இழுத்துக் கிழித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வலிக்கவே இல்லை. அந்த மிதப்பில் இன்னும் மூன்று துண்டு கிழித்தார்.

மறுநாள் காலை நாக்கு பட்டதும் பல் ஆடியது. கண்ணாடி முன் நின்று விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே புது எலும்பு இப்போதுதான் பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் தோவாவிடம் போகப் பத்து நாள் எடுத்துக்கொண்டார், தானாக இறுகிவிடும் என்று.

தோவா கருவி எதுவும் எடுக்கவில்லை. இரண்டு விரலால் பல்லைப் பிடித்துச் சுழற்றினாள். திருகும் சேர்ந்து கையோடு வந்தது.

"மட்டமான திருகு," என்றார் மேஸ்திரி.

"திருகு நல்ல திருகுதான். ஆட்டி விட்டீங்க, சுத்தி எலும்புக்குப் பதிலா சவ்வு வளந்துருச்சு. எங்கப்பா வீட்டுத் தளத்த எத்தனை நாள் தொடக் கூடாதுன்னீங்க?"

"இருபத்தொண்ணு."

"நான் மூணு மாசம்னுதானே சொன்னேன் சித்தப்பா? இனி இந்தக் குழி எலும்பால மூடவே நாலு மாசம். அதுக்கப்புறம் திரும்ப முதல்லேர்ந்து."

அங்கிருந்து நேரே வேலை இடத்துக்குப் போனார். அங்கே ஒருவன் பதின்மூன்றே நாளான தளத்தின் கீழ் முட்டுக்கம்பைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கேறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். அவர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் எட்டு நாள் இருக்குப்பா," என்றார் கைக்குள்ளிருந்து.

ஜல்லி சுமந்துகொண்டிருந்த மென் என்ற சித்தாளுக்குக் கருவாட்டுக் கதை ஏற்கெனவே எட்டியிருந்தது; கூடையை இறக்கி வைத்தாள்.

"அது சரி மேஸ்திரி. உங்க பல்ல எத்தனாவது நாள்ல பிரிச்சீங்க?"