முடிவைச் சொன்னால்தான் படத்துக்கு வருவார்

போன் வந்தபோது நான் சிவகாசியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி இடைவேளைக்கு வெளியே வந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி வீட்டு மதினிதான் பேசினார்கள். “சீனி, அண்ணாச்சி போயிட்டாகப்பா” என்றார்கள். காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே இருந்துவிட்டாராம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் படத்தை நான் அவருக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்து, சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், கடைசியில் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் டிக்கெட் எடுப்பார். இந்த மனிதர் எனக்கு அரை நாள் அவகாசம்கூடக் கொடுக்கவில்லையே என்றிருந்தது. மீதிப் பப்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

குருவையா அண்ணாச்சியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஆயுசில் பாதிக்கு மேல் போர்மேனாக இருந்தவர். நான் அவருக்கு அடுத்த போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், வெடிமருந்தை எப்போது கலக்கலாம், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்று சொல்வது போர்மேனின் வேலை. ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் முதலில் தேடுவதும் அவரைத்தான். எங்கள் கம்பெனியில் நடந்த ஒரு விபத்தில் பேச்சியம்மாள் என்ற பெண் இறந்துபோனார். அதற்கு அண்ணாச்சிதான் காரணம் என்று போட்ட கேஸ் அவர் சாகும்வரை முடியவில்லை. பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் நண்பர் என்னிடம், “அண்ணாச்சிக்கு சினிமான்னா உசுருல்ல, அதைப் பத்தி மட்டும் எழுதிக் குடுங்க. கேஸ் பேச்சு வேண்டாம். கம்பெனிக்காரங்களும் வருவாங்க” என்றார். சரி, சினிமாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவரோடு படத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், முடிவு தெரியாமல் அவர் எந்தப் படத்துக்கும் வரமாட்டார். ஊரே முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துக்கொண்டிருக்கும். இவர் டீக்கடையில் உட்கார்ந்து, பார்த்துவிட்டு வருகிறவனை மறித்து, “யாரு சாகுறா? யாரு யாரைக் கட்டுறா? அதை மட்டும் சொல்லுலே” என்பார். ஒரு தடவை அவருடைய மச்சினர் விளையாட்டுக்கு முடிவை மாற்றிச் சொல்லிவிட்டார். தங்கச்சி பிழைத்துக்கொள்வாள் என்று நம்பிப் போனவர், அவள் செத்ததும் பாதியில் எழுந்து வந்துவிட்டார். மச்சினரோடு தீபாவளி வரை பேச்சு கிடையாது. மதினி நடுவில் கிடந்து அல்லாடினார்கள்.

“இது என்ன அண்ணாச்சி பழக்கம்? கதை தெரிஞ்சுபோனா படத்துல என்ன இருக்கு?” என்று நான் கேட்டிருக்கிறேன். மருந்து அறைகளுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நம்ம தொழில்ல திடீர்னு ஒண்ணு நடந்தா அது நல்லதா இருக்காதுலே. நாள் பூரா அது நடந்துரக் கூடாதுன்னே திரியுறோம். காசு குடுத்து அங்கனயும் போயி திக்கு திக்குன்னு உக்காரணுமா?” எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு அறைகளைச் சுற்றி வரும்போது என் நெஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனித்தேன்.

அதனால்தான் அவருக்குப் பார்த்த படத்தையே பார்ப்பதில் அவ்வளவு ருசி. ஞாயிற்றுக்கிழமை லீவு. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டில் படம் போட்டுப் பார்க்கக் கூடுவோம். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார், எல்லாப் படத்துக்கும் அவரே ஒரு பெயர் வைத்திருப்பார். கல்யாண வீட்டில் சமையல்காரர் ஓடிப்போக, மாப்பிள்ளையே கரண்டியைப் பிடிக்கிற படம் அவருக்கு ‘சாம்பார் படம்’. “மொதத் தடவ பாக்கையில கதாநாயகனைப் பாருங்க. ரெண்டாந்தடவ கதாநாயகிப் பிள்ளையப் பாருங்க. அதுக்கு மேல பின்னால நிக்கிறவங்களப் பாருங்க. அப்பதான் படம் தெரியும்” என்பார். சாம்பார் படத்தின் பந்திக் காட்சியில் ஓரத்தில் ஒரு கிழவர் நிஜமாகவே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கதாநாயகன் வசனம் பேசும்போதும் சாப்பிடுவார், சண்டை நடக்கும்போதும் சாப்பிடுவார். “பாரு, பாரு, அடுத்து அப்பளத்தை நொறுக்குவாரு” என்று அண்ணாச்சி தொடையில் தட்டுவார். கிழவர் நொறுக்குவார். நாங்கள் எல்லோரும் கைதட்டுவோம். கம்பெனியிலும் அவருக்கு அதே கண்தான். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் எவளுக்குக் காய்ச்சல், எவள் வீட்டில் சண்டை என்று ஓரமாக நின்றே சொல்லிவிடுவார். காய்ச்சல்காரியை மருந்து அறைக்குள் விடமாட்டார்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது ‘லாரிப் படம்’. அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டுவார்கள். சண்டை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் அண்ணாச்சி காத்திருப்பது கடைசிக் காட்சிக்கு. தம்பி ராத்திரிச் சவாரி முடிந்து வரும்போது, அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். அவ்வளவுதான் படம். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைப்பார். மதினி அடுப்படியிலிருந்து, “இன்னுமா அந்த லாரி ஓடுது? இந்நேரம் டயரு தேஞ்சு போயிருக்குமே” என்பார்கள். “தேயட்டும், நீ சேவு இருந்தா எடுத்துட்டு வா” என்பார் இவர்.

இது வரைக்கும் மலருக்கு ஒத்துவரும். இனிமேல் எழுதுவது பிடிக்கவில்லை என்றால் முழுக் கட்டுரையையும் எடுத்துவிடுங்கள். பாதியை வெட்டிப் போட வேண்டாம்.

விபத்துக்குப் பிறகு அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளிக்கு முன்ஜாமீன் கிடைத்தது. மேனேஜர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஜாமீனில் வந்த அண்ணாச்சி முதலில் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டார், பிறகு வாரம் ஒரு நாள். கோர்ட்டில் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் கௌசல்யா பிள்ளை பெற்றபோது, அனுமதி வாங்கி இவர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்குத் தொட்டில் போட்டு முடிந்துவிட்டது. எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. கேஸ் உள்ள போர்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? வீடு, ஸ்டேஷன், கோர்ட். அதற்குள்ளேயே அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் போனபோது லாரிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை என்று வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டார். “வெந்நீர் காட்சியைப் பாக்கலையா அண்ணாச்சி?” என்றேன். “இல்லப்பா. அதுக்கு முன்னாடி அந்தக் கிளீனர் பய சாகுறான்ல. இடைவேளை வரைக்கும் எல்லாரும் உசுரோட இருக்காக. அது போதும்” என்றார். மதினி அடுப்படியில்தான் இருந்தார்கள். டயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நான் அவர் தரப்புச் சாட்சி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் கூடவே போய்விடுவேன். ஒரு தடவை ஜட்ஜ் மாறியிருப்பார், ஒரு தடவை ரிப்போர்ட் வந்திருக்காது, ஒரு தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வயிற்றுவலி. கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து நாங்கள் சினிமாதான் பேசுவோம். கோர்ட்டுப் படங்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. “கடைசி நிமிசத்துல சாட்சி ஆட்டோவுல வந்து இறங்கி ஓடி வருவான். எம்புட்டுப் பொய்யி! இங்க நம்ம சாட்சி காலையிலேருந்து பக்கத்துலயே உக்காந்து வடை திங்கிறான். கூப்பிடத்தான் நாதியில்ல” என்பார். சிரிப்போம். டவாலி வந்து அடுத்த தேதியைச் சொல்வார். பஸ் ஏறுவோம்.

ஒரு நாள் வக்கீலிடம் அவர் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. “சார், எத்தன வருசம்னாலும் வாரேன். முடிவு என்னன்னு மட்டும் சொல்லிருங்க. உள்ள போகணும்னாலும் சரி. தெரிஞ்சிட்டா உக்காந்திருவேன்” என்றார். வக்கீல் நல்லவர்தான். “அது எனக்கே தெரியாதேங்க” என்றார். பஸ்ஸில் வரும்போது அண்ணாச்சி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். வெம்பக்கோட்டை விலக்கு தாண்டியதும் சொன்னார்: “நானும் அன்னைக்கு நடந்ததைத் தெனமும் மனசுக்குள்ள போட்டுப் பாக்கேன் சீனி. மறுக்கா மறுக்காப் பாக்கேன். எத்தன தடவ பாத்தாலும் அந்த ரூமப் பூட்டாமத்தான் போறேன்.” அப்போதுதான் எனக்கு விளங்கியது, வீட்டில் எந்தப் படம் ஓடினாலும் இந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். அவர் தோளைத் தொட்டேன். டிக்கெட் போடக் கண்டக்டர் வந்தார்.

அடக்கம் முடிந்து சில நாளில், இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நானும் கௌசல்யாவும் கோர்ட்டுக்குப் போனோம். குமாஸ்தா வாங்கிக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது, அவ்வளவுதானாம். “அப்ப அப்பா தப்பு பண்ணலைன்னு ஆயிருச்சா?” என்று கேட்டாள் கௌசல்யா. “அப்படியும் இல்லம்மா, இப்படியும் இல்ல. ஆளே இல்லைங்கும்போது கேஸும் இல்ல” என்றார் அவர். வெளியே படிக்கட்டில் வந்து நின்றாள். அழவில்லை. “சித்தப்பா, எங்கப்பா மேல தப்பில்லன்னு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கா?” என்றாள். எஃப்.ஐ.ஆரில் அவர் பெயர் இருக்கிறது. பேப்பரில் அவர் போட்டோவோடு வந்தது. தப்பில்லை என்று ஒரு துண்டுத்தாள் இல்லை.

சாட்சிக்கூண்டில் என்னை ஒரு நாளும் ஏற்றவில்லை. அதனால் அங்கே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். அன்றைக்கு வெயில் மோசமாக ஏறியது, அந்தச் சூட்டில் மருந்து சட்டென்று பற்றிக்கொள்ளும். அண்ணாச்சி வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலையை நிறுத்தினார். “இன்னைக்கு இது போதும், எல்லாரும் வெளிய வாங்க” என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பெண்கள் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள், பேச்சியம்மாளும் உட்கார்ந்திருந்தார். ஊரில் இல்லை என்று எழுதப்பட்ட மேனேஜர் ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பி அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அவர் ஆபீஸுக்குள் போனதும், அதே மேனேஜர் பின்பக்கமாக மரத்தடிக்கு வந்து, சாயங்காலம் லோடு போக வேண்டும், ஆர்டர் நிற்கிறது, உள்ளே போங்கள் என்று பெண்களை எழுப்பினார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட ஆபீஸுக்கு ஓடினேன். பாதி வழியில் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் அண்ணாச்சிதான் தீக்குள் போனார். பேச்சியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். கையில் அந்தத் தீத்தழும்போடுதான் அவரைப் பாடையில் வைத்தோம்.

நான் இப்போது வேறொரு கம்பெனியில் போர்மேன். இதைப் படித்த பிறகும் வைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. வேறு தொழில் எனக்குத் தெரியாது. என் போர்மேன் சர்டிபிகேட்டும் இதற்குத்தான் செல்லும். வேலை இருக்கும்வரை, அண்ணாச்சியிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றை விடுவதில்லை. வெயில் ஏறினால் எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு முதலாளியே கூப்பிட்டாலும் அந்தச் சாவியோடுதான் போகிறேன். சீசன் நேரத்தில் என்னைக் கரித்துக்கொட்டுகிறார்கள். கொட்டட்டும்.

கௌசல்யா, நீ கேட்டது இப்போது எழுதியிருக்கிறது. உங்கப்பா மேல் தப்பில்லை. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

சீனிவாசன், போர்மேன்